ஹோஸ்டை மாற்றிய பிறகு கெஸ்ட் விழுகிறதா? அடிக்கடி வரும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் கோடை மழை இடியோடுதான் வரும். மழை விட்ட மறுநாள் காலையிலேயே எங்கள் கடைக்கு மதர்போர்டுகள் வரத் தொடங்கிவிடும். மாங்கூழ் ஆலை, கிரானைட் அலுவலகம், கணினிப் பயிற்சி மையம் என எங்கே பார்த்தாலும் இப்போது ஒரே பெட்டிக்குள் மூன்று நான்கு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. பெட்டியைப் புதிதாக அமைத்துக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதன் பிறகு வரும் தொலைபேசிகளுக்குப் பதில் சொல்வது ஒரு வார வேலை. அவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

வெளிப் பெட்டியை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதைக் கெஸ்ட் என்றும் எழுதுகிறேன். புரவலர், விருந்தினர் என்று எழுதிப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை போல இருந்தது. லினக்ஸில் கெஸ்ட்டுகளை ஓட்டும் கேவிஎம், அதன் மேல் அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட் அல்லது பிராக்ஸ்மாக்ஸ் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸ்காரர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

டிஸ்க் கோப்பை அப்படியே நகலெடுத்தேன். ஒரு பைட் கூட மாறவில்லை. பிறகு ஏன் விழுகிறது?

போர்வெல்லில் 5 ஹெச்பி மோட்டாரை எடுத்துவிட்டு 7.5 ஹெச்பி மோட்டாரை இறக்குகிறீர்கள். ஸ்டார்ட்டர் பழையதுதான், நேற்று வரை நன்றாக வேலை செய்ததுதான். சுவிட்சைப் போட்டதும் ட்ரிப் ஆகிறது. ஸ்டார்ட்டர் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

கெஸ்ட்டின் நிலையும் இதுதான். டிஸ்க் கோப்பு என்பது கெஸ்ட்டில் பாதி. எந்த வகை பிராசசரைக் காட்டினீர்கள், டிஸ்க்கை எந்தக் கன்ட்ரோலர் வழியாக மாட்டினீர்கள், பூட்டைத் தொடங்கும் ஃபர்ம்வேர் பயாஸா யூஇஎஃப்ஐயா, நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி என்ன என்ற மறு பாதி ஹோஸ்டில், வேறொரு கோப்பில் இருக்கிறது. ஹோஸ்டைப் புதிதாக அமைக்கும்போது தொலைவது அந்த மறு பாதி. ஆகவே விண்டோஸை மறுபடி நிறுவுகிறேன் என்று கிளம்பாதீர்கள். கெஸ்ட்டுக்குள் கை வைக்கும் முன், ஹோஸ்டில் எது மாறியது என்று கேளுங்கள். என்னிடம் வருபவர்களில் பலர் கெஸ்ட்டைப் பாதி பிரித்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். அப்போது இரண்டு பக்கமும் மாறியிருக்கும்; எதை எதோடு ஒப்பிடுவது?

சரி, முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அது தானாக விழுந்ததா, ஹோஸ்ட் கொன்றதா, விழாமல் நின்றுகொண்டிருக்கிறதா என்பதை. மூன்றுமே திரையில் ஒன்றுபோலத் தெரியும். மருந்து வேறு வேறு.

லிப்விர்ட்டில் 'விர்ஷ் டோம்ஸ்டேட்' கட்டளையோடு 'ரீசன்' என்ற தெரிவைச் சேர்த்துக் கொடுத்தால் நிலையோடு காரணத்தையும் சொல்லும். பிராக்ஸ்மாக்ஸில் 'க்யூஎம் ஸ்டேட்டஸ்' கட்டளையோடு 'வெர்போஸ்' சேர்க்க வேண்டும். விண்டோஸின் நீலத் திரையோ லினக்ஸின் கர்னல் பேனிக்கோ தெரிந்து, ஹோஸ்டில் கெஸ்ட்டை ஓட்டும் க்யூஎமு செயல்முறை இன்னும் உயிரோடு இருந்தால் கெஸ்ட் தானாக விழுந்தது. செயல்முறையே காணவில்லை என்றால், கொன்றது யார் என்று ஹோஸ்டின் கர்னல் பதிவில் தேடுங்கள். 'பாஸ்டு' என்று காட்டினால் அது விழவே இல்லை, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

விழுந்த நேரத்தை நிமிடக் கணக்கில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சும்மா மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது நம் ஊர் வழக்கம். அதனால் பதிவுகள் நீண்டு குழம்புவதுதான் மிச்சம்.

நீலத் திரை இல்லை, பிழைச் செய்தி இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் துண்டிக்கப்படுவது போல அணைந்துவிடுகிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறை. ஹோஸ்டில் ரேம் தீர்ந்தால், லினக்ஸ் கர்னல் பெரிய செயல்முறையாகப் பார்த்துக் கொன்றுவிடும். ஹோஸ்டில் மிகப் பெரிய செயல்முறை எது? உங்கள் கெஸ்ட்தான்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. சீசன் நேரம், இரவு பகலாக லாரிகள் வந்துகொண்டிருந்தன. மதர்போர்டு போய்ப் புதிய பெட்டி வைத்தோம். ரேம் பழையபடியே 32 ஜிபி. கெஸ்ட்டுகள் மூன்று, எல்லாம் சேர்த்து 26 ஜிபி. பழைய பெட்டியில் இரண்டு ஆண்டு தும்மல்கூட இல்லாமல் ஓடியவை. புதிய பெட்டியில் மூன்றாம் நாள் இரவு கணக்குக் கெஸ்ட் அணைந்தது. அடுத்த இரவும் அணைந்தது. காவலாளி போன் செய்தபோது மணி இரண்டேகால்.

காலையில் போய்க் கர்னல் பதிவைப் பார்த்தேன். 2:04க்கு 'அவுட் ஆஃப் மெமரி' என்று ஒரு வரி, அதன் கீழே கொல்லப்பட்ட செயல்முறையின் எண். பேக்கப் தொடங்கும் நேரம் இரண்டு மணி. பழைய ஹோஸ்டில் இருந்தது எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. புதியதில், நல்லதாயிற்றே என்று இசட்எஃப்எஸ் போட்டிருந்தேன், நானேதான். இசட்எஃப்எஸ் தன் ஏஆர்சி என்னும் வாசிப்புத் தேக்கத்துக்கு லினக்ஸில் 2.2 வரையான பதிப்புகளில் வழக்கமாக ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். பாதி என்றால் 16. பதினாறும் இருபத்தாறும் நாற்பத்திரண்டு. பெட்டியில் இருப்பது முப்பத்திரண்டு. கேட்டால் ஏஆர்சி திருப்பிக் கொடுத்துவிடும் என்பார்கள். கொடுக்கும்தான்; ஆனால் பேக்கப் டிஸ்க்கை முழு வேகத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது சில நேரம் தாமதமாகக் கொடுக்கும். அந்தத் தாமதத்தில் கெஸ்ட் போய்விடும்.

'இசட்எஃப்எஸ் ஆர்க் மேக்ஸ்' அளவை 4 ஜிபிக்கு, அதாவது 4294967296 பைட்டுக்குக் கட்டிப்போட்டு, பூட்டின்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்து ரீபூட் செய்தேன். சீசன் முடியும் வரை அந்தக் கெஸ்ட் அசையவில்லை. பிராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவும்போது இன்ஸ்டாலரே ரேமில் 10 சதவீதத்துக்கு, அதிகபட்சம் 16 ஜிபிக்கு, வரம்பு வைத்துவிடுகிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்களுக்கும் மற்ற லினக்ஸ்காரர்களுக்கும் அந்தச் சலுகை இல்லை.

விண்டோஸ் கெஸ்ட் தொடங்கும்போதே நீலத் திரை. குறியீடு 7பி என்று முடிகிறது.

பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பது இதன் பொருள். பழைய ஹோஸ்டில் ஐடிஇ அல்லது சாட்டாவாக மாட்டியிருந்த டிஸ்க்கைப் புதியதில் விர்ட்ஐஓ என்னும் மெய்நிகர் கன்ட்ரோலரில் மாட்டியிருப்பீர்கள். வேகமானது விர்ட்ஐஓதான். ஆனால் அதற்கான டிரைவர் விண்டோஸில் இல்லாமல் தன் சொந்த டிஸ்க்கையே அதனால் பார்க்க முடியாது.

பழைய கன்ட்ரோலருக்கே மாற்றித் தொடங்குங்கள். எழுந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு கெஸ்ட்டை அணைத்து, 1 ஜிபி அளவில் வெறும் டிஸ்க் ஒன்றை உருவாக்கி அதை மட்டும் விர்ட்ஐஓவாகச் சேருங்கள். விண்டோஸைத் தொடங்கி, விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவிலிருந்து அந்த வெறும் டிஸ்க்குக்கான டிரைவரை நிறுவுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அது தெரிந்ததும் அணைத்துவிட்டுப் பூட் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றலாம். இந்த டம்மி டிஸ்க் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் மறுபடியும் 7பியில் வந்து நிற்பவர்கள்.

லினக்ஸ் கெஸ்ட் 'ரூட் மவுன்ட்' செய்ய முடியவில்லை என்று நின்றுவிடுகிறது.

அதே நோய்தான். பழைய வன்பொருளுக்கு மட்டும் தேவையான டிரைவர்களோடு இனிட்ராம்எஃப்எஸ் கட்டப்பட்டிருக்கும். தொடக்கத்தில் வரும் க்ரப் பட்டியலில் 'ரெஸ்க்யூ' கர்னலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எழும். எழுந்ததும் டிராகட் கருவி கொண்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டுங்கள். எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்கின் பெயரை எஸ்டிஏ என்று எழுதியிருந்தால் இப்போது அது விடிஏ ஆகியிருக்கும். பெயருக்குப் பதில் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்டெல் பெட்டி போய் ஏஎம்டி பெட்டி வந்தது. கெஸ்ட்டுக்கு அது தெரியுமா?

ஹோஸ்டின் பிராசசரை அப்படியே காட்டும் 'ஹோஸ்ட் பாஸ்த்ரூ' வைத்திருந்தால் நன்றாகவே தெரியும். ரேம் உட்பட எடுத்த ஸ்னாப்ஷாட்டும், சேவ் செய்து நிறுத்திய நிலையும் புதிய பிராசசரில் பெரும்பாலும் எழாது. அவற்றைக் கைவிட்டு முழுமையாக பூட் செய்யுங்கள். சேமிக்காமல் திறந்து கிடந்தது மட்டும் போகும்.

எடைமேடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. கிரானைட் குவாரிகளிலும் மாங்காய் மண்டிகளிலும் எடைமேடை மென்பொருள் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது. சிரிக்காதீர்கள், சீரியல் போர்ட்டும் பழைய மென்பொருளும் அந்த எக்ஸ்பியை விட்டு வர மறுக்கின்றன. இன்டெல்லில் நிறுவிய எக்ஸ்பியை ஏஎம்டியில் எழுப்பினால் 'இன்டெல்பிபிஎம்' என்ற டிரைவரால் நீலத் திரை வரும். சேஃப் மோடில் நுழைந்து, ரெஜிஸ்ட்ரியில் அந்தச் சேவையின் 'ஸ்டார்ட்' மதிப்பை 4 ஆக்குங்கள். அந்த டிரைவர் முடங்கும், எக்ஸ்பி எழும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. பிராசசர் வகையைக் 'கேவிஎம்64' என்று மிகப் பழையதாகக் காட்டினால் புதிய கெஸ்ட்டுகள் முரண்டு பிடிக்கும். ரெட் ஹேட் லினக்ஸ் 9 குடும்பத்துக்குப் பிராசசரில் எக்ஸ்86-64 கட்டளைத் தொகுதியின் இரண்டாம் நிலை வேண்டும், 10 குடும்பத்துக்கு மூன்றாம் நிலை. மாங்கோடிபி தரவுத்தளம் 5.0 முதல் ஏவிஎக்ஸ் கட்டளைத் தொகுதி இல்லாமல் எழாது. ஒரே ஒரு ஹோஸ்ட்தான், கெஸ்ட்டை ஓடும்போதே வேறு பெட்டிக்கு மாற்றும் எண்ணம் இல்லை என்றால் பிராசசர் வகையை 'ஹோஸ்ட்' என்றே வைத்துவிடுங்கள். நம் ஊரில் பெரும்பாலானோரிடம் இருப்பது ஒரே பெட்டிதானே.

பிராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட் எழவில்லை. பழைய டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டிப் பார்த்தேன். இடிசி-க்குள் பிவிஇ கோப்புறை காலியாக இருக்கிறது! அமைப்புகள் எல்லாம் அழிந்துவிட்டனவா?

அழியவில்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எதிர்முனையில் குரல் நடுங்கும். எனக்கும் முதல் முறை நடுங்கியது.

அந்தக் கோப்புறை டிஸ்க்கில் இருக்கும் உண்மையான கோப்புறை அல்ல. பிராக்ஸ்மாக்ஸ் ஓடும்போது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளத்திலிருந்து விரித்துக் காட்டுகிற தோற்றம். பெட்டி ஓடாதபோது தோற்றமும் இல்லை. தரவுத்தளம் வார், அதற்குள் லிப், அதற்குள் பிவிஇ-கிளஸ்டர் என்ற இடத்தில் 'கான்ஃபிக்.டிபி' என்ற பெயரில் இருக்கும். அதை நகலெடுத்து, நகலை எஸ்க்யூலைட்3 கொண்டு திறங்கள். 'ட்ரீ' என்று ஒரு அட்டவணை இருக்கும். அதில் 'நேம்' நிரல் 100.கான்ஃப் என்றிருக்கும் வரிசையின் 'டேட்டா'வைக் கேட்டால், உங்கள் 100ஆம் எண் கெஸ்ட்டின் முழு அமைப்பும் எழுத்து எழுத்தாகத் திரையில் வரும். மேக் முகவரி, டிஸ்க் கன்ட்ரோலர், பிராசசர் வகை, எதுவும் விடுபடாது. அதைப் பார்த்துப் புதிய ஹோஸ்டில் எழுதிக்கொள்ளலாம். தரவுத்தளத்தையே தூக்கிப் புதிய ஹோஸ்டில் போடும் குறுக்கு வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ஹோஸ்டின் பெயர் மாறியிருந்தால் புதிய சிக்கல் முளைக்கும்.

தரவுத்தளமும் போய் கெஸ்ட்டின் டிஸ்க் மட்டும் மிஞ்சியிருந்தால், அதே எண்ணில் டிஸ்க் இல்லாத கெஸ்ட்டை உருவாக்கி 'க்யூஎம் ரீஸ்கேன்' கொடுங்கள். டிஸ்க் 'அன்யூஸ்டு' என்று வந்து நிற்கும். எந்தக் கன்ட்ரோலரில் மாட்டுவது என்பதை நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். நினைவில்லை என்றால் சாட்டாவில் தொடங்குங்கள்.

விண்டோஸ் 11 கெஸ்ட் எழுகிறது, ஆனால் 48 இலக்க எண்ணைக் கேட்கிறது.

அது பிட்லாக்கர் மீட்புச் சாவி. கெஸ்ட்டின் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சிப்பும் மெய்நிகர்தான். அதன் உள்ளடக்கம் ஹோஸ்டில் தனியாக இருந்தது, அதைக் கொண்டுவரவில்லை. லிப்விர்ட்டில் அது வார், லிப், லிப்விர்ட் வழியாக 'எஸ்டபிள்யூடிபிஎம்' கோப்புறையில் இருக்கும். பிராக்ஸ்மாக்ஸில் தனிச் சிறு டிஸ்க்காக இருக்கும். பழைய டிஸ்க் கையில் இருந்தால் அங்கிருந்து எடுத்து வாருங்கள். அதுவும் இல்லை, சாவியும் எங்கும் எழுதி வைக்கவில்லை என்றால் அந்த டிஸ்க் பூட்டிய இரும்புப் பெட்டிதான். நாங்களும் உடைக்க முடியாது, உடைத்துத் தருகிறேன் என்பவர்களையும் நம்பாதீர்கள்.

கெஸ்ட் எழாமல் யூஇஎஃப்ஐ ஷெல்லில் வந்து நிற்பதும் இதன் தம்பி. பூட் அமைப்புகளை வைத்திருக்கும் 'என்விரேம்' கோப்பு தொலைந்திருக்கும். ஃபர்ம்வேர் மெனுவில் நுழைந்து பூட் கோப்பை ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும், தரவுக்கு ஆபத்தில்லை.

கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே க்யூகவ்2 டிஸ்க் கோப்பை நகலெடுத்தேன். இப்போது அடிக்கடி விழுகிறது.

நகலின் முதல் பாதி பத்து மணிக்கு எடுத்தது, கடைசிப் பாதி பதினொன்றரைக்கு எடுத்தது. இடையில் எழுதப்பட்டவை இரண்டுக்கும் நடுவில் கிழிந்து கிடக்கும். மூலக் கோப்பு இன்னும் இருந்தால், கெஸ்ட்டை அணைத்துவிட்டு மறுபடி நகலெடுங்கள். இல்லை என்றால் இருப்பதை இன்னொரு நகல் எடுத்துவிட்டு, கெஸ்ட் அணைந்திருக்கும்போது 'க்யூஎமு-இமேஜ் செக்' ஓட்டுங்கள். பிறகு உள்ளே போய் கோப்பு முறைமையையும் சோதிக்க வேண்டும். முழுதாக மீளும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை.

கோப்பின் அளவு சந்தேகப்படும்படி சிறியதாக இருந்தால், அது ஸ்னாப்ஷாட்டின் மேல் அடுக்கு மட்டும்தான். அடியில் இருக்கும் மூலக் கோப்பின் பாதை அதற்குள் எழுதப்பட்டிருக்கும்; அதே பாதையில் மூலக் கோப்பும் இருக்க வேண்டும். 'க்யூஎமு-இமேஜ் இன்ஃபோ' அதைக் காட்டும்.

'பாஸ்டு, ஐஓ எரர்' என்று காட்டுகிறது.

ஹோஸ்டின் டிஸ்க் நிரம்பியிருக்கும். இடம் ஏற்படுத்திக் கொடுத்து 'ரெஸ்யூம்' சொல்லுங்கள். விட்ட இடத்திலிருந்து ஓடும். பதறிப்போய், கெஸ்ட்டைக் கட்டாயமாக அணைக்கும் 'டெஸ்ட்ராய்' கொடுக்காதீர்கள். இடம் இருந்தும் இந்தச் செய்தி வந்தால் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள்.

விழவில்லை, ஆனால் நேற்றைய தேதியில் சீட்டு அடிக்கிறது.

விண்டோஸ் கெஸ்ட்டின் கடிகார அமைப்பு 'யூடிசி' என்று இருக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்வதால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். இரவு 2 மணிக்கு மேடையேறிய மாங்காய் லாரிக்கு முந்தைய நாள் இரவு 8:30 என்று சீட்டு வரும். பகலில் பில் போடும் கடையில் தேதி மாறாததால் பல நாள் கண்ணில் படாது. இரவில் எடை போடும் இடத்தில் முதல் நாளே சண்டை வரும். கெஸ்ட் அமைப்பில் 'லோக்கல்டைம்' என்று மாற்றுங்கள்.

ஹோஸ்ட் விண்டோஸ் 11, உள்ளே விர்ச்சுவல்பாக்ஸ். கெஸ்ட் ஆமை வேகம், சில நேரம் விழுகிறது.

கெஸ்ட் சாளரத்தின் கீழ் வரிசையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா? உண்மையிலேயே ஆமைதான் வரைந்திருக்கிறார்கள். விண்டோஸின் ஹைப்பர்-வி பிராசசரின் மெய்நிகர் வசதியைத் தன் கையில் பிடித்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோளில் ஏறி ஓடுகிறது என்று பொருள். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11இல் 'மெமரி இன்டக்ரிட்டி' பாதுகாப்பு இயங்கினாலே இது நேரும். அதை அணைத்தால் ஆமை மறையும். பாதுகாப்பும் ஒரு படி குறையும். வங்கி வேலை பார்க்கும் கணினி என்றால் அணைக்காதீர்கள், கெஸ்ட்டை வேறு பெட்டிக்குக் கொண்டுபோங்கள்.

மேலே சொன்ன எதுவும் இல்லை. இன்று ஒரு கெஸ்ட் விழுகிறது, நாளை வேறொன்று. குறியீடும் ஒவ்வொரு முறை ஒவ்வொன்று.

குறியீடு மாறிக்கொண்டே இருந்தால் மென்பொருளை விடுங்கள், இரும்பைப் பாருங்கள். புதிய போர்டில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு இயங்குகிறதா? சர்வருக்கு அது வேண்டாம், அணையுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுக்க ஓடட்டும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது சோதனை அல்ல.

பெட்டியில் இருப்பது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசரா? அவற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் போய்ச் சிப்பே நாளடைவில் கெடும் கோளாற்றை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (பிராசசரின் உள்நிரல்) திருத்தத்தை வெளியிட்டது. அதன் பிறகும் திருத்தங்கள் வந்தன. போர்டின் பயாஸைப் புதுப்பித்தால் அவை சேரும். ஏற்கெனவே கெட்ட சிப்பை எந்தத் திருத்தமும் குணமாக்காது. உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள். பில்லைத் தேடி எடுங்கள்.

இடி விழுந்து போர்டு போன பெட்டியில் பழைய எஸ்எம்பிஎஸ் மின்வழங்கியையே மறுபடி மாட்டினீர்களா? போர்டு மட்டும்தான் அடி வாங்கியது என்று நமக்கு யார் சொன்னது?

பழைய டிஸ்க்கை எப்போது அழிக்கலாம்?

கெஸ்ட் எழுந்த அன்று அல்ல. ஒரு மாதக் கணக்கு முழுதாக முடிந்து, ஜிஎஸ்டி தாக்கல் போய், ஒரு பேக்கப்பிலிருந்து எடுத்து ஒருமுறை ஓட்டியும் பார்த்த பிறகு. எங்கள் கடை அலமாரியில் வெள்ளை டேப் ஒட்டி, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதிய டிஸ்க்குகள் இப்போது பதினொன்று இருக்கின்றன. போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப் போனார். அழித்திருப்பீர்கள் என்று நினைத்துத்தான் வந்தேன், அண்ணா என்றார்.